மணி ஐயருக்கு ஒசாகாவில் ஒரு நாள் லீவு

'ஜப்பான் எட்டு நாள், மூன்று வேளையும் ஐயர் சமையல்' என்றுதான் எங்கள் கம்பெனி விளம்பரத்தில் போட்டிருக்கும். அந்த ஐயர், பள்ளிக்கரணை தனசிங். வயது ஐம்பத்து மூன்று. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஒரு ஐயர் பெயர் சொல்லு என்று முதலாளி கேட்டபோது 'மணி ஐயர்' என்று யோசித்துச் சொன்னது நான்தான். என் பெயர் ஜெயப்ரியா. வீடு அஸ்தினாபுரம். பதினான்கு வருஷமாக டூர் மேனேஜர் என்ற பெயரில் அடுத்தவர்களின் பெட்டியை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் 'சைவச் சமையல்' என்றுதான் விளம்பரம் செய்தோம். ஆள் சேரவில்லை. போன் செய்கிறவர்கள் எல்லாம் புக்கிங்குக்கு முன்னால் 'சமைக்கிறது யாரு?' என்றுதான் கேட்டார்கள். கேட்டவர்களில் பாதிப் பேர் வீட்டில் ஞாயிறானால் பிரியாணி. பிளேன் ஏறும்போது மட்டும் இவர்களுக்குச் சுத்தமான கை வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் சிரித்துக்கொண்டே 'ஐயர்தான் சார்' என்று சொல்வேன்.

தனசிங் பத்தொன்பது வயதில் மேற்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாணச் சமையல்காரரிடம் அண்டா கழுவப் போனார். யாரும் தொழில் சொல்லித் தரவில்லை, கேட்டால் விரட்டினார்கள். கழுவுகிற இடத்திலிருந்தே பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டார். இருபது வருஷம் மண்டபங்களில் திரைக்குப் பின்னால் சமைத்தார். பிறகு வண்டலூர் ஸ்டேஷன் பக்கத்தில் சொந்தமாக டிபன் கடை போட்டார். ரோட்டை அகலப்படுத்தினபோது கடையை இடித்துவிட்டார்கள். அதற்கப்புறம்தான் எங்களிடம் வந்தார். மகா முன்கோபி. சாம்பாரில் உப்பு குறைவு என்று முதலாளி சொன்னதற்கு உப்பு டப்பாவையே அவர் மேஜையில் கொண்டுபோய் வைத்தவர்.

பூணூலும் விபூதியும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று முதலாளி அடம்பிடித்தார். "பேர வேணா எட்த்துக்க சார், ஒடம்புல கை வெக்காத" என்று தனசிங் சொல்லிவிட்டார். அவர் பேச்சு சுத்த மெட்ராஸ் பேச்சு. அதனால் பயணிகள் எதிரில் வாயைத் திறக்கக் கூடாது என்பது உத்தரவு. கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டுவார். அதையும் இந்த ஜனங்கள் அடக்கம், பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள். ஏர்போர்ட்டில் வரிசையின் கடைசியில் அவரை நிறுத்தி, பாஸ்போர்ட்டை யார் கண்ணிலும் படாமல் நீட்டுவது என் வேலை. விஷயம் வெளியே தெரிந்தால் அவர் வேலை அன்றைக்கே காலி. என்னுடையதும் தப்பாது.

ஆறு முறை ஜப்பானுக்கு வந்தும் விடுதிகளின் பின்பக்கச் சமையலறையைத் தவிர அவர் எதையும் பார்த்ததில்லை. ஏழாவது முறை, கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, ஒரு நாள் லீவு கொடுத்தால்தான் வருவேன் என்று உட்கார்ந்துவிட்டார். அந்த மாதிரி சாம்பாருக்கு வேறு ஆள் கிடைக்காது என்பதால் முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தார். நான்காம் நாள், ஒசாகாவில், பயணிகள் கடைவீதியில் சுற்றுகிற நாள். மத்தியானத்துக்குப் புளியோதரைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டால் ஆறு மணி வரை அவருக்கு விடுமுறை. பாஷை தெரியாதவரைத் தனியாக விட முடியாது, கூடவே போ என்று எனக்கு உத்தரவு வந்தது. கால் நீட்டிப் படுக்க எனக்கு இருந்ததே அந்த ஒரு நாள்தான். அவர்மேல் எனக்கு ஆத்திரமான ஆத்திரம்.

காலையில் ஒசாகா கோட்டைக்குப் போனோம். அகழியைச் சுற்றி நடக்கும்போதே ஆரம்பித்துவிட்டார். "இவ்ளோ தண்ணி கீது, ஒரு ஆகாயத்தாமரை இல்ல பாருங்க. நம்மூரு ஏரிய இன்னா கதி பண்ணி வெச்சிகீறானுங்க!" என்றார். உள்ளே லிப்ட் இருப்பதைப் பார்த்ததும் அதற்கும் கோபம். "கோட்டையில லிப்டு எதுக்கு மேடம்? ராஜா இன்னா பட்டன அமுக்கிகினா போனான்?" என்று சொல்லி எட்டு மாடியும் என்னைப் படியேற வைத்தார். எனக்கு முழங்கால் விட்டுப்போயிற்று. ஏறி வந்து ஐந்து நிமிஷம் ஊரைப் பார்த்துவிட்டு, "போலாம்" என்றார்.

"மணி அண்ணா, ஏறினதுக்கு இன்னும் கொஞ்ச நேரமாவது நின்னு பாருங்களேன்" என்றேன்.

"பாத்தாச்சி மேடம். நல்லாத்தான் கீது. பசிக்குது."

சாப்பாட்டுக்கு முன்னால் பாத்திரக்கடைத் தெருவுக்குப் போக வேண்டும் என்றார். தெரு முழுக்கச் சமையல் சாமான்தான். ஜல்லிக்கரண்டியைக் கையில் எடுத்துப் பார்ப்பார், முகர்ந்துகூடப் பார்ப்பார், வைத்துவிடுவார். ஒரு கத்திக் கடையில் அரைமணி நேரம் நின்றார். கடைக்காரரிடம் பேரம் பேசச் சொல்லி என்னை நச்சரித்தார். இங்கே பேரம் கிடையாது என்றால், "நீங்க கேக்கவே இல்லியே" என்று என்மேலேயே பாய்ந்தார். கடைசியில் ஒரு காய்கறிக் கத்தியை எடுத்தார். வாங்குகிறவர் பெயரை அதில் பொறித்துக் கொடுப்பது அந்தக் கடையின் வழக்கம். கடைக்காரர் காகிதத்தை நீட்டிப் பெயர் கேட்டார். "தனசிங்" என்று உரக்கச் சொன்னார். கடைக்காரர் திரும்பக் கேட்டதும் இன்னும் உரக்க, "தன... சிங்!" என்றார். நான் பதறிப்போய்த் தெருவைத் திரும்பிப் பார்த்தேன். நல்ல வேளை, நம் ஆட்கள் யாரும் இல்லை.

இரண்டு மணிக்கு டோட்டன்போரி கால்வாய் ஓரம் வந்துசேர்ந்தோம். அங்கே ஒரு கடையில் பணியாரக் கல் மாதிரியே நீளமான இரும்புக் கல்லில் மாவை ஊற்றி, குழிக்குக் குழி ஆக்டோபஸ் துண்டைப் போட்டு, கம்பியால் திருப்பிக்கொண்டிருந்தான் ஒருவன். தனசிங் அவன் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எட்டு உருண்டை வாங்கி, நின்றபடியே ஒன்றை வாயில் போட்டு, சூடு தாங்காமல் ஊதிக்கொண்டே மென்றார்.

"உள்ள வேவல மேடம்" என்றார்.

"அது அப்படித்தான் இருக்கும்."

"இன்னா அப்டித்தான்? மாவு கொயகொயன்னு கீது. இன்னும் ரெண்டு நிமிசம் உட்டிருக்கணும். அந்த மீனுக்கறி மட்டும் சூப்பரா கீது." அப்படித் திட்டிக்கொண்டே எட்டையும் முடித்து, இன்னொரு தட்டு வாங்கினார். அந்தத் தட்டில் மூன்றாவது உருண்டையைக் குச்சியில் குத்தித் தூக்கும்போது, எதிரே ஜீவானந்தம் சாரும் அவர் மனைவி பாலாம்பாளும் ஆளுக்கு இரண்டு பையோடு வந்து நின்றார்கள்.

ஜீவானந்தம் சார் சிட்லபாக்கத்துக்காரர். மின்வாரியத்தில் ரிட்டயர் ஆனவர். எங்கள் டூரில் வந்த இருபத்திரண்டு பேருக்கும் தன்னைத் தானே தலைவராக நியமித்துக்கொண்டவர். அவர் பார்வை தட்டுக்குப் போயிற்று, கடை வாசலில் தொங்கிய பெரிய ஆக்டோபஸ் பொம்மைக்குப் போயிற்று, தனசிங் முகத்துக்கு வந்தது. பாலாம்பாள் வாயைப் பொத்திக்கொண்டார். இரண்டு பேரும் திரும்பிக் கூட்டத்தில் போய்விட்டார்கள். தனசிங் குச்சியில் இருந்ததையும் மீதி ஐந்தையும் நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார்.

மாலை ஐந்தரைக்கு விடுதி லாபியில் இருபத்திரண்டு பேரும் கூடிவிட்டார்கள். ஜீவானந்தம் சார் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். நாற்காலிகள் காலியாக இருந்தும் எங்கள் இரண்டு பேரையும் யாரும் உட்காரச் சொல்லவில்லை. வசவு விழப்போகிறது என்று கைகளைப் பிசைந்துகொண்டு நின்றேன். ஆனால் அவர் சிரித்தார்.

"மணி ஐயரே, நாங்க எல்லாரும் பேசி முடிவு பண்ணிட்டோம். பரவால்ல. வெளிதேசத்துல நாக்கு கொஞ்சம் சபலப்படத்தான் செய்யும். எத்தனையோ பெரிய குடும்பத்துப் பசங்களே அமெரிக்கா போய்ச் சாப்பிடறாங்க. ஒரு முழுக்கு போட்டுட்டு வந்து அடுப்பைத் தொடுங்க. நாங்க மறந்துடறோம்."

"என்ன இருந்தாலும் அந்தக் கை ஐயர் கை இல்லியா? நேத்து வெச்ச ரசம் இருக்கே, அதெல்லாம் பரம்பரையா வரணும்" என்றார் பாலாம்பாள். நாலைந்து பேர் ஆமாம் போட்டார்கள்.

தலையை ஆட்டினால் போதும். வேலை தப்பிவிடும். ஆட்டுங்கள் என்று அவர் முழங்கையை மெல்ல இடித்தேன். அவர் என் கையை விலக்கினார்.

"எதுக்கு சார் முயுக்கு? காலையிலயே குளிச்சிட்டேன்" என்றார். அந்தக் குரலையும் பேச்சையும் கேட்டு லாபியே நிமிர்ந்து உட்கார்ந்தது. "என்னிய மன்னிக்கிறதுக்கு நான் இன்னா தப்பு பண்ணேன்? எம்பேரு தனசிங். பள்ளிக்கரணை. எங்கப்பா மேடவாக்கத்துல கறிக்கடை வெச்சினு இருந்தாரு. அந்த ரசம் பரம்பரையா வர்ல சார். அண்டா கயுவிகினே கத்துகினது."

பாலாம்பாள் எழுந்து பாத்ரூம் பக்கம் போனார். அவர் வாயைக் கொப்பளிக்கிற சத்தம் வெளியே கேட்டது. நாலு நாளாகச் சாப்பிட்டதை இப்போது கொப்பளித்து என்ன ஆகும் என்று எனக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷமே அது போய்விட்டது. ஜீவானந்தம் சார் என் பக்கம் திரும்பினார்.

"மேடம், உங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியாது சார். எனக்கே இப்பத்தான் தெரியுது" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

தனசிங் என்னைப் பார்த்தார். பிறகு அவர்களைப் பார்த்து, "ஆமா சார், மேடத்துக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

முதலாளி போனிலேயே அவரை வேலையை விட்டு நீக்கினார். மிச்ச நான்கு நாளும் அவர் பஸ்ஸில் கடைசி சீட்டில் தனியாக உட்கார்ந்து வந்தார். பயணிகள் கியோட்டோவிலும் டோக்கியோவிலும் கிடைத்த இந்திய ஓட்டல்களில் புகுந்து வெளுத்துக்கட்டினார்கள். அங்கே அடுப்படியில் யார் நிற்கிறார்கள் என்று அந்த இருபத்திரண்டு பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்கு ஒவ்வொருவரையும் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. உலுக்கவில்லை. தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்தேன்.

மீனம்பாக்கத்தில் காலையில் இறங்கினோம். பயணிகள் போன பிறகு அவரிடம் போனேன்.

"கார் சொல்லியிருக்கேன். உங்களை பள்ளிக்கரணைல விட்டுட்டுப் போறேன், வாங்க."

"வாணாம் மேடம். நான் பஸ்ல போய்க்கிறேன்."

"என் நெலமையையும் பாருங்க. அன்னிக்கு நான் வேற என்ன சொல்லியிருக்க முடியும்? எனக்கும் வேலை போயிருக்கும்."

"அதுக்கு இல்ல மேடம். பயந்துட்டீங்க, யாருன்னாலும் பயப்படுவாங்க" என்று பையைத் தோளில் மாட்டினார். "பாசஞ்சர் எதிர்ல மணின்னு கூப்ட்டீங்க, சரி, பொயப்பு. சமையக்கட்டுல நாம ரெண்டே பேருதான் நின்னுகினு இருப்போம். அப்பவும் மணிதான். கோட்ட மேல யாரு இருந்தாங்க? அங்கயும் மணிதான். ஏழு தபா உங்க கூட வந்துட்டேன். எம்பேரு ஒரு தபா கூட உங்க வாயில வர்லியே."

அவர் நடக்கத் தொடங்கிவிட்டார். ஓடிப்போய் நிறுத்தி, பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "மணி அண்ணா" என்றுதான் வந்தது. அவர் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாப் பக்கம் போய்விட்டார்.