மூக்கர் கண்ட எண்ணெய்

ஆழ்துளைக் கிணறு போடும் அவரை எல்லாரும் மூக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்கு ஒன்றும் பெரிதில்லை. குழியிலிருந்து எது மேலே வந்தாலும் ஒரு சிட்டிகை எடுத்து மோந்து, "இன்னும் நாப்பது அடி" என்பார். அப்படியே தண்ணீர் வரும். அவருடைய அப்பாவுக்கும் அந்த மூக்கு உண்டு. சித்தப்பாவுக்கு இல்லை, அவர் கடிகாரம் பழுது பார்க்கப் போய்விட்டார். முப்பது வருஷத்தில் மூக்கரின் மூக்கு ஒரே ஒரு தடவைதான் உடைந்தது. அதுவும் சொந்த மச்சினன் வீட்டு வாசலில்.

மச்சினன், மூக்கரின் மனைவிக்கு நேர் இளையவன், தையல்காரன். அவன் பெண்டாட்டி தெருக்கோடிக் குழாயிலிருந்து பதினேழு வருஷமாகக் குடம் சுமக்கிறவள். "அண்ணே, எனக்கு நகை வேணாம், நட்டு வேணாம். வீட்டுக்குள்ள தண்ணி வந்தா போதும்" என்றாள். தங்கை முறை ஆகிறவள் வாய்விட்டுக் கேட்டுவிட்டாளே! மூக்கர் அந்த வேலைக்குத் தனிக் கவனம் எடுத்தார். துளை போடும் இரும்புக் கம்பிகளை ஒன்றோடொன்று முடுக்கும் மரையில் வழக்கமாக ஒரு விரல் கிரீஸ்தான் தடவுவார். அன்று கை கையாக அள்ளி அப்பினார்.

கருங்கல் பாறையில் இருநூற்றெண்பதாவது அடியில் தண்ணீர் பீய்ச்சியது. கைதட்டப் போன எல்லாரும் அப்படியே நின்றார்கள். தண்ணீர் மேல் வானவில் நிறத்தில் ஏடு. நடுநடுவே கறுப்புப் பிசுக்கு.

"பதறாதீங்க, இரும்புத் தண்ணியிலயும் ஏடு கட்டும்" என்று மூக்கர் ஒரு குச்சியால் கீறினார். இரும்பு ஏடு என்றால் சில்லுச் சில்லாக உடையும். இது வழுக்கி விலகி மறுபடி ஒட்டிக்கொண்டது. எண்ணெயேதான். கண்ணை மூடி மோந்தார்.

"கல்லு வாடைதான் வருது. எங்க மிஷின் எண்ணெயா இருந்தா இந்த மூக்குக்குத் தெரியாதா? இது பாறையோட எண்ணெய்."

"பெட்ரோலா மச்சான்?"

"பெட்ரோலுக்குப் பெரியப்பா, மாப்ள."

மச்சினன் கழுத்து டேப்பை உருவித் தன் மார்பையே அளந்தான். "எண்ணெய்க் கிணத்து முதலாளி பனியனோட நிக்கலாமா?" என்று வீட்டை ஒட்டிய தையல் கடைக்குள் போய்க் காப்பி நிறக் கோட்டுத் துணியை வெட்டத் தொடங்கிவிட்டான்.

"அப்ப தண்ணி, அண்ணே?"

மூக்கர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "எண்ணெய்க்காரங்க வர்ற வரைக்கும் குழியச் சிமென்ட் போட்டு அடைச்சிடணும்மா. வேற வழியில்ல."

அவள் குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்கோடிக்கு நடந்தாள்.

சாப்பாட்டுக் கேரியரோடு எதிரே வந்த மூக்கரின் மனைவி அவளை நிறுத்தி விஷயத்தைக் கேட்டாள். கையோடு திருப்பி அழைத்து வந்து, பிசுக்கை விரலில் தொட்டு மோந்தாள்.

"ஏங்க, பாறைக்குள்ள உங்க சட்டையத் தொவைச்சீங்களா?"

"உனக்கென்னடி தெரியும்?"

"இருபத்தாறு வருஷமா தொவைக்கிறவளுக்குத் தெரியாதா? உங்க வாடை உங்களுக்கு எப்படித் தெரியும்? அதுக்குள்ளதானே குடியிருக்கீங்க!"

தம்பி கடையின் வெட்டுத்துணிக் குவியலிலிருந்து ஒரு வெள்ளைத் துண்டைப் பிடுங்கினாள். குழிப் பிசுக்கை ஒரு பக்கம் தீற்றினாள்; கிரீஸ் டப்பாவிலிருந்து தொட்டு மறுபக்கம் தீற்றினாள். வெயிலில் பிடித்தாள். மரை ஒட்டிப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க அந்த கிரீஸில் செம்புப் பொடி கலந்திருக்கும். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் மினுமினுத்தது.

"பாறைக்குள்ள யாரு செம்ப அரைச்சு வச்சாங்க?"

மூக்கர் மூக்கைத் தடவிக்கொண்டார். "பாசத்துல கொஞ்சம் கூடிப்போச்சு."

"எங்கிட்ட காட்டாத பாசத்தையெல்லாம் இரும்புல அப்பியிருக்கீங்க!"

மூக்கர் சாப்பிடவில்லை. எல்லாக் கம்பிகளையும் துடைத்தார். அன்று பொழுது சாயும்வரை, மறுநாள் உச்சிவரை, குழிக்குள் காற்றடித்துக் கழுவினார். குச்சி போட்டுப் பார்த்தார், ஏடு இல்லை. தன் மூக்கை நம்பாமல் தம்ளரை மனைவியிடம் நீட்டினார். அவள் மோந்து தலையாட்டினாள். பரிசோதனைக்கு அனுப்பிய புட்டியும் குடிக்கலாம் என்று சொல்லித் திரும்பி வந்தது.

மச்சினன் அதற்குள் கோட்டில் ஒரு கை தைத்து முடித்திருந்தான். பிரிக்க மனமில்லாமல் அதை வாசலில் புதிதாகப் பூட்டிய தண்ணீர் மோட்டாருக்கு உறையாக்கிவிட்டான். மழை இருட்டினால் அவன் பெண்டாட்டி, அடுப்படிக் குழாயை மூடிவிட்டு ஓடிப்போய் மோட்டாருக்குப் பொத்தான் போட்டுவிடுவாள்.