சூடேறாத ஆறு டாக்சிகள்

வேலை கார்த்திகையிலிருந்து மாசி வரைக்கும்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். பெங்களூர் சிட்டி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு டாக்சி ஷெட். இருபது வண்டிகள். வெயில் காலத்தில் அவர்களுக்கு இரண்டு மூன்று மெக்கானிக் போதும். பனி இறங்க ஆரம்பித்ததும் வண்டிகள் காலையில் கிளம்பாமல் முரண்டு பிடிக்கும். மெட்ராஸ் மெயில் வந்து சேர்வதற்குள் அத்தனையும் ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டும். அதற்காக வருஷா வருஷம் அந்த நாலு மாதத்துக்கு ஒரு ஆளைக் கூடுதலாக வைத்துக்கொள்வார்கள். சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் கழித்து, அந்தக் கூடுதல் ஆளாக நான் போய்ச் சேர்ந்தேன்.

அதற்கு முன் வேலூரில் ஒரு பஸ் ஷெட்டில் ஆறு வருஷம் இருந்தேன். எட்டாம் வகுப்பில் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன். காட்டுவதற்கு என்னிடம் கையைத் தவிர வேறு சர்டிபிகேட் கிடையாது. அந்த ஷெட்டை மூடிய பிறகு மூன்று மாதம் மாமனார் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது.

கிளம்பும்போது என் மனைவி, "நான் எப்ப வர்றது?" என்று கேட்டாள்.

"வேலை நிலைச்சதும் எழுதறேன்."

"நாலு மாசத்து வேலையில நிலைக்கறதுக்கு இன்னா இருக்குது?"

நியாயமான கேள்விதான். நன்றாகச் செய்தால் மாசிக்கு அப்புறமும் வைத்துக்கொள்வார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதை நம்பித்தான் ரயிலேறினேன். அவளை அழைத்துக்கொள்வதும் அழைத்துக்கொள்ளாததும் அந்த ஒன்றில்தான் இருந்தது.

ஒக்கலிபுரத்தில் ரயில் பாதையை ஒட்டி ஒரு அறை கிடைத்தது. ஷெட்டுக்கு நடந்தே போகலாம். குளிர் தாங்காது என்று எல்லோரும் பயமுறுத்தியிருந்தார்கள். உடம்பு தாங்கிக்கொண்டது, விரல்தான் தாங்கவில்லை. நட்டைப் போல்ட்டில் பூட்டும்போது மரை சரியாகப் பிடித்ததா என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, விரலுக்குத்தான் தெரியும். பெங்களூர்க் காலையில் விரல் மரத்துப்போய் ஒன்றையும் சொல்லாது. அதனால் எதைப் பூட்டினாலும் சந்தேகம். பூட்டிவிட்டு நாலடி போவேன், திரும்பி வந்து ஸ்பேனரைப் போட்டுப் பார்ப்பேன். மறுபடி போவேன், மறுபடி வருவேன்.

ஷெட்டில் எங்களுக்கு மேலாக இருந்த மேஸ்திரியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். உருதுவும் கன்னடமும் தமிழும் ஒரே மூச்சில் பேசுவார். என் இந்தப் பழக்கத்தை மூன்று நாள் பார்த்துவிட்டு, நாலாம் நாள் எல்லோருக்கும் கேட்கும்படி, "அரே வேலூரு! வீலுக்குத் தாலியா கட்றே? மூணு முடிச்சு போட்டாச்சில்ல, வுடு!" என்றார். அன்றிலிருந்து எனக்கு அங்கே வேலூர் என்றே பேர் நிலைத்தது.

என்னிடம் முதலில் சிநேகமானவர் கார்பரேட்டர் வேலை பார்த்தவர். தொம்மலூர்க்காரர், பிறந்ததே அங்கேதான். தினமும் அவ்வளவு தூரம் சைக்கிளில் வருவார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அந்த ஷெட்டில் எட்டு வருஷ சர்வீஸ். அவரை அண்ணே என்பேன். நான் கையை அக்குளில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "இதுக்கேவா? தை மாசம் இன்னும் வரவே இல்லப்பா. அப்ப உன்ன இஞ்சின் மேல குந்த வெச்சிதான் வேலை வாங்கணும் போல" என்பார். ஆனால் சொன்னதோடு நிற்காமல், வெந்நீரில் கையை நனைத்துவிட்டு வந்து வேலையைத் தொடு என்று வழி சொன்னவரும் அவர்தான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் களியும் கறிக்குழம்பும் சாப்பிட்டேன்.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும்.

இஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகிற வாயில் தெர்மாஸ்டாட் என்று ஒரு பித்தளைச் சாமான் உட்கார்ந்திருக்கும். எலுமிச்சம்பழம் அளவு இருக்கும். இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் வாயை மூடிக்கொள்ளும். இஞ்சின் சூடேறிய பிறகு தானாகத் திறக்கும். வேலூரில் எங்களுக்கு அதைக் கண்டாலே ஆகாது. சித்திரை வெயிலில் ஆம்பூர் ரோட்டில் பஸ் கொதித்து நின்றால் முதல் குற்றவாளி அதுதான். திறக்காமல் மாட்டிக்கொள்ளும். அதனால் எந்த வண்டி ஷெட்டுக்குள் வந்தாலும் முதல் வேலையாக அதைப் பிடுங்கி எறிந்துவிடுவோம். யாரையும் கேட்க மாட்டோம், யாரிடமும் சொல்ல மாட்டோம். காலில் முள் இருந்தால் எடுப்பதுபோல அது. ஆறு வருஷம் அப்படிப் பழகிய கை.

பெங்களூரில் முதல் இரண்டு வாரத்தில் ஆறு டாக்சிகளுக்கு ரேடியேட்டர் கழுவி, ரப்பர் குழாய் மாற்றும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். ஆறிலும் தெர்மாஸ்டாட்டைக் கழற்றி ஓட்டை உடைசல் போடும் தகரப்பெட்டியில் போட்டேன். நல்ல வேலை செய்ததாகத்தான் நினைத்தேன். நட்டை மூன்று தடவை சோதித்த நான், இதை ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

மார்கழி பிறந்ததும் புகார் வர ஆரம்பித்தது. வண்டி மல்லேசுவரம் போய்ச் சேரும் வரைக்கும் குளிர்ந்த இஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டிவிடும் சோக்கை இழுத்தே வைத்திருக்க வேண்டியிருக்கிறது, விட்டால் இருமுகிறது, பெட்ரோல் மட்டும் ஏகமாக இழுக்கிறது என்றார்கள். பெட்ரோல் என்றால் கார்பரேட்டர். கார்பரேட்டர் என்றால் அண்ணன். அவர் ஆறு வண்டிகளின் கார்பரேட்டரையும் பிரித்தார், கழுவினார், பூட்டினார். மறுநாள் அதே புகார். மறுபடி பிரித்தார்.

டிரைவர்களில் ஒருவருக்கு வாய் துடுக்கு. ஸ்டேஷனிலிருந்து வந்து இறங்கும்போதே, "தொம்மலூரு கை வெச்சா வண்டி குடிகாரனாயிடுதுபா! இன்னிக்கி இன்னும் ஒரு காலன் பெட்ரோல் ஊத்திக்கிச்சி!" என்று கத்துவார். மற்ற டிரைவர்கள் சிரிப்பார்கள். அண்ணன் தலையை நிமிர்த்தவே மாட்டார். இப்படி ஒரு வாரத்துக்கு மேல் ஓடியது. அந்த வாரக் கடைசிக்குள் சரியாகவில்லை என்றால் வேறு ஆளைப் பார்க்கச் சொல்லி முதலாளி பாயிடம் சொல்லிவிட்டார் என்று ஷெட்டில் பேச்சு அடிபட்டது. நானும் அவருக்காக வருத்தப்பட்டேன். உண்மையாகவே வருத்தப்பட்டேன்.

ஒரு புதன்கிழமை காலை, நான் கை வைக்காத ஒரு வண்டியை ஓடவிட்டுக்கொண்டு நின்றேன். விரலுக்குச் சூடு வேண்டி ரேடியேட்டருக்குப் போகும் மேல்குழாயைப் பிடித்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. சற்று நேரம் அப்படியே இருந்து, திடீரென்று கையைச் சுட்டது. உள்ளே தெர்மாஸ்டாட் திறந்துவிட்டது. பக்கத்து வண்டி நான் வேலை பார்த்தது. அதுவும் அவ்வளவு நேரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதன் குழாயைத் தொட்டேன். வெதுவெதுப்பு. குழந்தையைக் குளிப்பாட்டுகிற தண்ணீர் மாதிரி. அந்தக் குளிரில் அந்த இஞ்சின் எந்தக் காலத்திலும் சூடேறப் போவதில்லை என்று அப்போதுதான் புரிந்தது. ஆறு வண்டிகளும் நாள் முழுக்க ஜலதோஷத்தோடு ஓடிக்கொண்டிருந்தன. நான்தான் காரணம்.

சொன்னால் அன்றைக்கே மூட்டையைக் கட்டச் சொல்வார்கள். மறுபடி மாமனார் வீடு. சொல்லாவிட்டால் எட்டு வருஷ சர்வீஸ்காரர் போவார். ரொம்பப் பயப்படுகிறவனுக்கு எது நியாயம் என்பது சீக்கிரம் தெரிந்துவிடும், செய்வதற்குத்தான் கால் வராது. அன்று சாயங்காலம் அண்ணன் எனக்கும் சேர்த்து டீ சொன்னார். குடித்தேன். வியாழக்கிழமையும் ஒன்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பாயிடம் போய் நின்றேன்.

"இன்னா வேலூரு, லீவா?"

"இல்ல பாய்."

"ஊர்ல யாருக்காச்சும் ஒடம்புக்கு ஆகலியா?"

"எல்லாரும் நல்லாருக்காங்க பாய்."

"அப்ப எதுக்குய்யா மூஞ்ச இப்டி வெச்சிருக்கே?"

"அந்த ஆறு வண்டியிலயும் தெர்மாஸ்டாட் இல்ல பாய். நான்தான் கழட்டிப் போட்டேன். வேலூர்ல அப்பிடித்தான் செய்வோம். வெயிலு. இங்க வேணும்னு எனக்குத் தோணல."

பாய் எழுந்து போய், ஒரு வண்டியின் குழாயைத் தொட்டுப் பார்த்தார். இன்னொன்றையும் தொட்டார். திரும்பி வந்து, "யா அல்லா. நாங்க பத்து நாளா வாய மோந்துகினு இருக்கோம், நீ நுரையீரலையே எடுத்துட்டியா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அவருக்கும் வரவில்லை. "இத என்கிட்ட வந்து சொல்றியே, ஏச்சு வாங்கினது நானா? அவன்கிட்ட போ மொதல்ல."

அண்ணனிடம் சொன்னேன். கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். நான் எதிர்பார்த்துப் பயந்த ஒரே கேள்வியைத்தான் கேட்டார்.

"எப்பத் தெரிஞ்சிது உனக்கு?"

"முந்தாநேத்து காலையிலண்ணே."

"முந்தாநேத்து சாயங்காலம் எங்கூட டீ குடிச்சியே."

"ஆமாண்ணே."

அவர் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார், விரல் விரலாக. பிறகு கார்பரேட்டரை எடுத்துக்கொண்டு வேலை மேஜையின் அந்தக் கோடிக்குப் போய்விட்டார். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

தகரப்பெட்டியில் சேர்ந்த சாமான் போன வாரமே காயலான் கடைக்குப் போயிருந்தது. புதிதாக வாங்குவதென்றால் மெட்ராஸிலிருந்து வர வேண்டும், எத்தனை வாரமாகுமோ. ஞாயிற்றுக்கிழமை காலை அறை வாசலில் சைக்கிள் மணி கேட்டது. அண்ணன். காயலான் கடைக்காரன் தனக்குப் பழக்கம் என்று மட்டும் சொல்லி, "ஏறு" என்றார். கேரியரில் உட்கார்ந்து போனேன். கண்டோன்மெண்டில் அந்தக் கடையின் பித்தளைக் குவியலுக்குள் இரண்டு பேரும் முழங்கால் போட்டுத் தேடினோம். குத்துவிளக்குத் துண்டு, பூட்டு, பம்ப் ஸ்டவ், இத்தனைக்கும் நடுவில் ஐந்து கிடைத்தன. ஆறாவது அகப்படவே இல்லை.

கிடைத்தவை வேலை செய்கின்றனவா என்று தெரிய வேண்டும். பக்கத்து டீக்கடையில் அண்ணன் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வைக்கச் சொல்லி ஐந்தையும் உள்ளே போட்டார்.

டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னாபா முட்டை இது? எத்தினி நிமிசம் வேவணும்?" என்றார்.

"வாயத் தொறக்கற வரைக்கும்" என்றார் அண்ணன்.

நான் பாத்திரத்தின் மேல் குனிந்து நின்றேன். தண்ணீர் கொதிக்கக் கொதிக்க ஒவ்வொன்றாக வாயைத் திறந்தது. நாலு திறந்தது. ஐந்தாவது கடைசி வரை மூடியே கிடந்தது.

அதைக் கரண்டியால் தள்ளிப் பார்த்துக்கொண்டே அண்ணன் சொன்னார், "எட்டு வருசத்துல அது உள்ள இல்லாம இருக்கும்னு எனக்கு ஒரு நாளும் தோணல. நானும் ஒண்ணத் தொறந்து பாத்திருக்கணும்." இரண்டு நாளில் அவர் என்னிடம் பேசிய முதல் நீளமான பேச்சு அது. மன்னித்ததாக அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் மூச்சு விட முடிந்தது.

அன்றே ஷெட்டுக்குப் போய் நாலு வண்டியில் பூட்டினோம். மீதி இரண்டுக்கும் ரேடியேட்டருக்கு முன்னால் அட்டை கட்டி, குளிர்காற்றைத் தடுத்தோம். திங்கட்கிழமை பாய் என்னைக் கூப்பிட்டார். "ஆறு டிரைவரும் அவன ஏசியிருக்கான். ஸ்டேஷனுக்குப் போயி ஆறு பேருகிட்டயும் நீயே சொல்லிட்டு வா. அப்பறம் முதலாளி கிட்ட நான் பேசறேன்."

மெயில் வருவதற்கு முன் டாக்சி ஸ்டாண்டில் ஒவ்வொரு ஜன்னலாகக் குனிந்து சொன்னேன். ஒருவர் கன்னடத்தில் என் வம்சத்தையே விசாரித்தார். இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவருக்கு நான் சொன்னது என்ன என்றே விளங்கவில்லை, திரும்பச் சொல்ல வேண்டியதாயிற்று. இன்னொருவர் சரி என்று ஜன்னலை ஏற்றிக்கொண்டார். அந்த வாய் துடுக்கான டிரைவர் மட்டும் கடைசி வரை கேட்டுவிட்டு, பீடியை அணைத்து, "அவர நான் எல்லார் எதிர்லயும் சொல்லிட்டேனே" என்றார். அன்று அவர் முதல் சவாரியை விட்டுவிட்டு ஷெட்டுக்குள் வந்தார். அண்ணனிடம் என்ன சொன்னார் என்று கேட்கும் தூரத்தில் நான் இல்லை. அண்ணன் தலையை நிமிர்த்தியதைப் பார்த்தேன்.

மத்தியானம் பாய் முடிவைச் சொன்னார். "மாசி வரைக்கும் இரு. அதுக்கு மேல என்னக் கேக்காதே, முதலாளி ஒத்துக்க மாட்டாரு." அவ்வளவுதான். வேலை போகவில்லை, நிலைக்கவும் இல்லை.

அப்புறம் மூன்று நாள் கழித்து அண்ணன் தானாகவே கேட்டார், "வூட்டுக்காரிய வரச் சொல்லிட்டியா?"

"மாசியோட முடிஞ்சிடுதே அண்ணே. நிலைச்சாதானே..."

"மாசி இன்னா நாளைக்கா வருது? இருக்கற ரெண்டு மாசத்துக்கு வந்துட்டுப் போவட்டும். எழுதுப்பா."

போஸ்டாபீசில் நின்றபடியே கார்டு எழுதினேன். தெர்மாஸ்டாட் என்றால் என்ன என்பதில் ஆரம்பித்து, வேலை மாசிக்கு மேல் இல்லை, அறை சின்னது, குளிர் அதிகம், பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது என்பது வரைக்கும் எழுதியதில் கார்டு நிறைந்துவிட்டது. புறப்பட்டு வா என்று எழுத இடமில்லை. விலாசத்துக்குப் பக்கத்தில் ஓரமாக நெருக்கி எழுதினேன்.

பொங்கலுக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். கார்டில் எழுதியதெல்லாம் படித்தாயா என்று ஸ்டேஷனிலேயே கேட்டேன்.

"ஓரத்துல இருந்தத மட்டும்தான் படிச்சேன். மிச்சத்த நீங்களே வாயால சொல்லுங்க" என்றாள்.

அறைக்கு நடந்து போகிற வழியில் சொல்ல ஆரம்பித்தேன்.