ராஜா நடை நடந்த தெலெசோன்

எங்கள் மலையடிவாரத்தில் காடி விற்றுப் பிழைத்த தெலெசோனை யாரும் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. மதிக்கும்படி அவனும் எதுவும் செய்ததில்லை. கெட்டுப்போன திராட்சை ரசத்தை வாங்கி, இன்னும் புளிக்க வைத்து விற்பான். பெண்டாட்டி மிர்ரினே அதட்டினால் அடங்கிப் போவான். வசந்தத் திருவிழாவுக்கு ஆதென்ஸ் போய், நாடகம் முழுவதையும் ஒன்று விடாமல் பார்ப்பது மட்டும்தான் அவனுடைய ஆடம்பரம்.

அந்த வருஷம் அவனோடு நானும் போனேன். நாடகத்தில் ஒரு ராஜா. மதிலுக்கு வெளியே எதிரி நிற்கிறான். இன்றைக்கு வாசலைத் திறக்காதே என்று குறி சொல்கிறவர் வந்து கெஞ்சுகிறார். ராஜாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. உன்னை விலைக்கு வாங்கியது யார் என்று கேட்கிறான். இந்த மேடை ராஜாக்கள் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். நல்லது சொல்ல வந்தவன் கை நீட்டி வாங்கியிருப்பான் என்பதைத் தவிர வேறெதுவும் அவர்கள் புத்தியில் ஏறாது. இவன் வாசலைத் திறந்தான், ஊர் எரிந்தது, மகன் செத்தான். பிறகு முகமூடியில் சிவப்புச் சாயம் வழிய வந்து ஓலமிட்டான். ஒரு கூட்டமே சுற்றி நின்று அவனுக்காகப் புலம்பியது. வீடு எரிந்தவன் ஒருவன்கூட மேடைக்கு வரவில்லை.

திரும்பும் வழியெல்லாம் தெலெசோன் மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தான். “எப்பேர்ப்பட்ட தலைவன்டா. கடைசிவரைக்கும் சொன்ன சொல்ல மாத்தலையே.”

“மாத்தியிருந்தா ஊரு பொழச்சிருக்கும்” என்றேன்.

“உனக்கெல்லாம் அது புரியாது.”

அந்தக் கோடையில் எங்கள் ஊர்த்தலைவர் பதவிக்குக் குலுக்கல் நடந்தது; பானையிலிருந்து வெள்ளை அவரை விதையை எடுப்பவன்தான் தலைவன். பானைக்குள் கை விட்டவர்களில் வெள்ளை விதை தெலெசோன் கையில் வந்தது. அன்றிலிருந்து அவன் நடையே மாறிவிட்டது. நீளக் கோல் ஒன்று வாங்கினான். மேலாடையைத் தரையில் புரளவிட்டு நடந்தான். “கோலை மூலைல சாத்திட்டு அந்த ஜாடியத் தூக்குங்க, ராஜா” என்று மிர்ரினே சொல்வது எங்கள் வீடுவரை கேட்கும்.

பான் தேவனுக்கு மலை மேல் தீப்பந்த ஓட்டம் நடத்தும் நாள் வந்தது. மதியத்திலிருந்தே வடகாற்று ஆளைத் தள்ளியது. ஓடும் பாதையை ஒட்டித்தான் கரி சுடும் ரோய்கோஸ் தன் விறகையெல்லாம் அடுக்கி வைத்திருந்தான். அவனுடைய ஒரே கோவேறு கழுதையும் அங்கேதான் கட்டிக் கிடந்தது.

ரோய்கோஸ் இறங்கி வந்தான். “யோவ் தெலெசோன், இந்தக் காத்துல பந்தத்தக் கொளுத்தாதய்யா. நாளைக்கு வச்சுக்க. சாமி எங்கயும் ஓடிடாது.”

தெலெசோன் கோலைத் தரையில் ஊன்றினான்.

“யார்கிட்ட வாங்கின? பக்கத்து ஊர்க்காரனா? நம்ம விழா கெட்டா அவனுக்குத்தானே கொண்டாட்டம்.”

“ஏய், என் கழுதை மலை மேல நிக்குதுய்யா.”

“ஓட்டம் முடியிறவரைக்கும் இவன் இங்கயே நிக்கட்டும்” என்று தெலெசோன் இரண்டு பேரைக் காவலுக்கு விட்டான். கழுதையை அவிழ்த்துவிட்டு வரக்கூட அனுமதி இல்லை. சொன்ன சொல்லை மாற்றாத தலைவன் அல்லவா.

அந்தி சாயும்போது பந்தங்கள் ஏறின. மூன்றாவது ஆள் பாதி வழி போவதற்குள் விறகு பற்றிக்கொண்டது. கழுதை கத்தியது கீழே எல்லோருக்கும் கேட்டது. ரோய்கோஸ் காவலை உதறிவிட்டு ஓடினான். அவன் போய்ச் சேரும்போது கத்தல் நின்றிருந்தது.

எங்கள் ஊரில் விழா நடத்திய தலைவன் அது முடிந்ததும் சபையின் முன்னால் நின்று செய்ததற்கெல்லாம் பதில் சொல்லியாக வேண்டும். யார் வேண்டுமானாலும் குற்றம் சொல்லலாம். மேடை ராஜாக்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. தெலெசோன் சரியாக மாட்டிக்கொண்டான் என்று நான் சந்தோஷமாகப் போய் உட்கார்ந்தேன்.

தலையை மழித்து, மேலாடையைக் கிழித்துக்கொண்டு அவன் வந்தான். “ஐயோ, நான் கெட்டேன். தெய்வம் என் கண்ணைக் கட்டிவிட்டதே. என்னைப் போலப் பாவி உண்டா” என்று நாடகக் குரலில் இழுத்தான். மார்பில் அறைந்துகொண்டான். எங்கள் மடையர்கள் கண்ணைத் துடைக்க ஆரம்பித்தார்கள்.

ரோய்கோஸ் எழுந்தான். “அழுது முடிச்சிட்டியா? உன் கழுதைய எனக்குக் குடு. குளிர் வருது, நான் கரியச் சந்தைக்குக் கொண்டுபோகணும்.”

“அவனே நொந்துபோய் நிக்கிறான். இந்த நேரத்துல கழுதையப் பத்திப் பேசுறியே, உனக்கு ஈவிரக்கம் இல்லையா?” என்று பின்னாலிருந்து ஒருவன் அதட்டினான்.

கை தூக்கச் சொன்னார்கள். தெலெசோனை விடுவித்துவிட்டார்கள். என்னமாய் அழுதான் என்று பேசிக்கொண்டே கலைந்தார்கள். அந்தக் குளிர்காலம் முழுவதும் ரோய்கோஸ் கரி மூட்டையை முதுகில் சுமந்து நகரத்துக்கு நடந்தான். மாசி முடிவதற்குள் அவன் முதுகு கூனிவிட்டது.

வசந்தத்தில் மறுபடி நாடகம். ரோய்கோஸ் என் பக்கத்தில் கோணலாக உட்கார்ந்திருந்தான். மேடைக்குப் புது ராஜா ஒருவன் வந்தான். யாரோ அவனுக்குப் புத்தி சொன்னார்கள். உன்னை விலைக்கு வாங்கியது யார் என்று ராஜா கர்ஜித்தான்.

“போச்சு. எவனோ ஒருத்தன் கழுதை செத்துச்சு” என்றான் ரோய்கோஸ், சத்தமாகவே.

சுற்றியிருந்தவர்கள் வாயை மூடச் சொல்லி அவனை அடக்கினார்கள். இரண்டு வரிசை முன்னால் இருந்த தெலெசோன் மட்டும் திரும்பவில்லை. ராஜாவுக்காக அவன் அப்போதே அழ ஆரம்பித்திருந்தான்.