வெள்ளிக்கிழமைகளில் கடை பூட்டு

கடந்த வருடம் ஆவணி மாதத்தின் முதல் திங்கட்கிழமை, காலை ஒன்பதரை மணி இருக்கும். யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறையில் கரையோரமாகப் படகு எஞ்சின் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். எழுவைதீவுக் கடற்றொழிலாளி ஒருவரின் படகை இன்னொரு படகு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. முந்தைய நாள் ஞாயிறு நான் திருத்திக் கொடுத்த எஞ்சின் அதில் இருந்தது.

இங்கே கத்தோலிக்கத் தொழிலாளர்கள் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்த கையோடு எஞ்சினைக் கழற்றிக்கொண்டு என்னிடம் வருவார்கள். அவர்கள் ஓயும் நாளில்தான் எனக்கு வேலை அதிகம். மற்ற நாட்களிலும் இரவு வரை யாராவது வருவார்கள். "ஒரு நாளாவது பூட்டுங்கோவன்" என்று கேட்டுக் கேட்டு மனைவி களைத்துவிட்டாள். மூன்று வருடங்களில் ஒரு நாளும் பூட்டவில்லை என்று நான் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். என்ன திகதி, யாருடைய எஞ்சின், என்ன செய்தேன் என்று ஒன்றுவிடாமல் கொப்பியில் எழுதியும் வைத்தேன்.

அன்று கடலில், தண்ணீருக்குள் சுழன்று படகைத் தள்ளும் எஞ்சின் விசிறி கழன்று விழுந்துவிட்டது. தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று படகை வடக்கே தள்ளியிருக்கிறது. இந்தியக் கடல் எல்லையைத் தாண்டினால் பிடிபட்டுச் சிறைதான் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். மனிதர் இரண்டு மணித்தியாலம் சட்டையைக் கழற்றி வீசிக்கொண்டு நின்றிருக்கிறார். கடைசியில் அனலைதீவுப் படகொன்று கண்டு இழுத்து வந்தது.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கோபம்தான் வந்தது. விசிறியின் நட்டுக் கழலாதிருக்கக் குறுக்கே ஒரு சிறிய பின் கோர்க்க வேண்டும். கோர்த்தேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "இதைப் பாரும்" என்று கொப்பியைத் திறந்து நீட்டினேன். 'புதுப் பின் போட்டாச்சு' என்று என் எழுத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தின் நடுவில் அந்தப் புதுப் பின்னும் கிடந்தது.

எழுதிவிட்டுக் கோர்க்கலாம் என்று வைத்திருப்பேன், அதற்குள் யாரோ கூப்பிட்டிருப்பார்கள். எனக்கு ஒன்றுமே நினைவில்லை.

அந்த எழுவைதீவுக்காரர் என்னைவிட இளையவர். பின்னை எடுத்துப் பார்த்தார்.

"நீங்கள் பொய் எழுதேல்லை அண்ணை. போட்டுத்தான் இருக்கிறியள். கொப்பிக்குள்ளை."

உடனே புது விசிறி பூட்டித் தருகிறேன் என்று தடுமாறினேன். அவர் விடவில்லை.

"உங்கடை கண்ணைக் கண்ணாடியிலை பாத்தனீங்களே? போய் நித்திரை கொண்டிட்டு வாங்கோ. இப்ப நீங்கள் பூட்டினால் அதை நம்பிக் கடலுக்குப் போக என்னாலை ஏலாது."

வீட்டுக்குப் போய்ப் படுத்தவன் பின்னேரம் நாலு மணிக்குத்தான் எழும்பினேன். பதறிக்கொண்டு ஓடி வந்தால், அவர் என் கடை வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"ரெண்டு பேர் வந்தவை. முதலாளி நித்திரை எண்டு அனுப்பிப்போட்டன்."

விசிறியைப் பூட்டிப் பின்னைக் கோர்த்தேன். அவர் விரலால் இரண்டு தரம் தடவிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்.

அந்தக் கிழமையிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் கடை பூட்டு. முதல் வெள்ளி வீட்டுக் கதவைத் தட்டினார்கள். 'ஆள் பெரிய முதலாளியாகிவிட்டார்' என்று சந்தியில் கதைத்தார்கள். வழக்கமாக வந்த ஒருவர் வேறு இடத்துக்குப் போய்விட்டார். கை பரபரத்தது, ஆனாலும் நான் திறக்கவில்லை. இனியும் திறக்கப்போவதில்லை. நான் கொள்ளும் நித்திரையையும் நம்பித்தான் ஒரு மனிதர் கடலுக்குப் போகிறார் என்பதை விளங்கிக்கொண்ட பிறகு, ஓய்வு என் சொந்த விஷயம் என்று நினைக்க என்னால் முடிவதில்லை.