அண்ணி போட்ட ஹோஸ்

எங்கள் பட்டறையின் காத்திருப்பு அறையில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. பானெட் திறந்த ஒரு வண்டியின் எஞ்சின். எஞ்சினைப் போய் யாராவது படம் பிடித்து மாட்டுவார்களா என்று வருகிறவர்கள் சிரிப்பார்கள். நான் சும்மா விடமாட்டேன். எந்த வண்டிக்கு என்ன வேலை என்று ஜாப் கார்டு எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்துபோய் விரல் வைத்துக் காட்டுவேன். அதில் ஒவ்வொரு ஹோஸும், அதாவது ரப்பர் குழாயும், படிய வாரிய தலைமுடி மாதிரி இருக்கும். ஒன்றோடு ஒன்று உரசாது, ஒரு விரல்கூட நீளம் மிஞ்சாது. போட்டது என் அண்ணி, கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. எனக்கு வாய் நீளம் என்பார்கள். இந்த விஷயத்தில் அது இன்னும் கொஞ்சம் நீளும்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் உதிரிபாகம் எடுத்துக் கொடுக்கும் வேலைக்குத்தான் அண்ணி இங்கே வந்தார். மெக்கானிக்குகள் ஹோஸை வாங்கிப் போய்க் கண்ணளவில் வெட்டி, தொளதொளவென்று தொங்கவிடுவார்கள். அண்ணிக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் ஸ்டோரை விட்டு இறங்கி வந்து தானே அளந்து, வெட்டி, மாட்டினார். அதோடு சரி, அப்புறம் ஸ்டோர் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

டர்போ வண்டி என்றால் அண்ணிதான். டர்போ என்பது புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் உருளை. அதன் ஒரு பக்கம் அடுப்பாய்க் கொதிக்கும். சூடு என்பது வீட்டோடு இருக்கிற மாமியார் மாதிரி, விரட்ட முடியாது, பார்த்து நடந்துகொள்ள வேண்டியதுதான் என்பார் அண்ணி. அவருடைய மாமியாரான என் அம்மா பக்கத்தில் இருக்கும்போதே சொல்வார், அம்மாவும் சிரிப்பார். மேடேறி வந்த வண்டியை உடனே அணைக்காதீர்கள், இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டு அணையுங்கள், இல்லையென்றால் டர்போவுக்குள் எண்ணெய் கருகிவிடும் என்று எல்லா ஓட்டுநர்களிடமும் மன்றாடுவார். வீட்டில் கோபம் வந்தாலும் அப்படித்தான், இரண்டு நிமிடம் ஓடவிட்டுத்தான் அணைப்பார். அந்த இரண்டு நிமிடமும் அண்ணன் மாடியில் இருப்பார்.

இந்த வருடம் முதலாளி டர்போ வேலையைத் தனிப் பிரிவாக ஆக்க முடிவெடுத்தார். பொறுப்பாளர் அண்ணியா, வெளியிலிருந்து வரும் ஒருவரா என்பதை மாதக் கடைசியில் சொல்வதாகச் சொன்னார். அண்ணி அந்தப் பொறுப்புக்கு ஆசைப்பட்டார். ஒளிக்காமல் எங்கள் எல்லோரிடமும் சொன்னார்.

அப்போதுதான் அந்த வேன் வந்தது. சிறுநீரக நோயாளிகளை மேட்டு ஆஸ்பத்திரிக்கு ரத்த சுத்திகரிப்புக்குக் கொண்டுபோகிற வேன். அரை மணி நேரம் ஓடினால் ஏற்றத்தில் இழுக்க மறுக்கிறது. நோயாளிகள் மூன்று தடவை தாமதமாகப் போயிருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் இரண்டு முறை சோதித்தும் ஒரு குறையும் அகப்படவில்லை. டர்போவையே மாற்றிவிடலாம் என்றார் மூத்த மெக்கானிக்.

அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. சூடான எஞ்சினில் கை வைக்காதே என்பது பட்டறையின் சட்டம். அதனால் எந்த வண்டியையும் ஆறவிட்டுத்தான் பார்ப்போம். ஆறிய வண்டி நன்றாகத்தான் இருக்கும், நோய் சூட்டில்தான் வருகிறது என்றார். நோயாளிகளின் எடைக்கு ஈடாக எங்களில் ஆறு பேரை வேனில் ஏற்றினார். தொப்பை உள்ளவர்களாகப் பார்த்துத்தான் ஏற்றினார், என்னையும் சேர்த்து.

மூன்றாவது ஏற்றத்தில் வேன் திணறியது. அணைக்காமல் நிறுத்தச் சொல்லி, தடித்த கையுறையோடு அண்ணி பானெட்டைத் திறந்தார். டர்போவின் பக்கத்தில் ஒரு சின்ன வால்வு உண்டு. அது மூடியிருந்தால்தான் புகை முழுவதும் டர்போவைச் சுழற்றும், வண்டி இழுக்கும். அதை மூடிப் பிடிப்பது பென்சில் பருமனுள்ள ஒரு ரப்பர் ஹோஸ். அதிலுள்ள காற்றை எஞ்சின் உறிஞ்சி வைத்திருக்கும் வரை வால்வு மூடியிருக்கும். அந்த ஹோஸ் சூட்டில் இளகி, உறிஞ்சிய வேகத்தில் சப்பையாக ஒட்டிக் கிடந்தது. வால்வு திறந்துகொண்டிருந்தது. ஆறினால் ஹோஸ் பழையபடி குழாயாக விரிந்துவிடும், யாருக்கும் எதுவும் தெரியாது.

அண்ணி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் நின்ற எனக்கும் புரிந்துவிட்டது. நேராக, அழகாக, ஒரு விரல் மிச்சமில்லாமல் வெட்டிய ஹோஸ் அது. அழகு பார்த்துக் குறுக்கு வழியில் இழுத்ததால் டர்போவின் சூடான பக்கத்தை ஒட்டிப் போயிருந்தது. மாதக் கடைசிக்கு நான்கு நாள்தான் இருந்தது. வேறு ஹோஸ் மாட்டிவிட்டுப் பேசாமல் இருந்தால் போதும், நான் வாயைத் திறக்கமாட்டேன்.

டர்போ போய்விட்டதா என்று ஓட்டுநர் கேட்டார்.

"டர்போ நல்லாத்தான் இருக்குண்ணே. இந்த ஹோஸ்தான் சூட்டுல ஒட்டிக்குது. போன வருஷம் நான் போட்டது. தப்பு என்னோடது."

பட்டறைக்கு வந்ததும் அந்த ஹோஸை மாற்றி, புதியதைச் சூட்டை விட்டு விலக்கிச் சுற்றுவழியில் மாட்டினார். பார்க்க அழகாக இல்லை. பிறகு, தான் இப்படிக் குறுக்கே இழுக்க ஆரம்பித்த போன வருட ஜாப் கார்டுகளைக் கேட்டார். அதே மாதிரி குறுக்கே இழுத்தவை இன்னும் பதினேழு வண்டிகள். எல்லாவற்றையும் திரும்ப வரச் சொல்ல வேண்டும் என்றார்.

முதலாளிக்கு முகம் சுருங்கிவிட்டது. "பதினேழையும் கூப்பிட்டா ஊர்ல என்னம்மா பேசுவாங்க? ரிப்பேர்னு வந்தா பாத்துக்கலாம். பொறுப்பு யாருக்குன்னு நான் இன்னும் முடிவு பண்ணல, அத நெனச்சுக்கோ."

"அதுக்குள்ள யாரு எந்த ஏத்தத்துல நிப்பாங்கன்னு தெரியாதுங்க. பொறுப்பு உங்க இஷ்டம். ஃபோன் நான் பண்றேன்."

முதலில் மாட்டிய ஹோஸுக்கு முதல் அழைப்பு என்று தேதி வரிசையில் கார்டுகளை அடுக்கச் சொன்னார். ஒவ்வொருவரிடமும் தன் தப்பு என்று சொல்லி, வர வேண்டிய நாளையும் சொன்னார். ஒருவர் கத்தினார், அண்ணி கேட்டுக்கொண்டார். முதலாளி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆறு முடிந்தது. ஏழாவது கார்டைப் பார்த்ததும் அண்ணி ஃபோனைக் கீழே வைத்தார்.

"இது உங்க வண்டிங்க," என்றார் முதலாளியிடம்.

முதலாளி உள்ளே போனார். திரும்பி வந்து தன் கார் சாவியை மேஜையில் வைத்தார். "எங்கிட்டயும் ஒளிக்கலையேம்மா நீ. நம்ம டர்போ பிரிவுப் பொறுப்பாளர் இத முதல்ல பாத்துக் குடுக்கட்டும்."

என் கையிலிருந்த பேனா கீழே விழுந்துவிட்டது. அண்ணிக்குக் கண் கலங்கியது, நான் பார்த்தேன். புறங்கையால் துடைத்துக்கொண்டு சாவியை முதலாளி பக்கமே நகர்த்தி வைத்தார்.

"உங்களுக்கு முன்னாடி ஆறு பேர் இருக்காங்க. வெள்ளிக்கிழமை கொண்டு வாங்க. அது வரைக்கும் மேட்டுப் பக்கம் போகாதீங்க."

முதலாளி சாவியை எடுத்துக்கொண்டார். நான் பேனாவைத் தேடி எடுத்து, அவருடைய கார்டில் வெள்ளிக்கிழமை என்று கொட்டை எழுத்தில் எழுதினேன்.