பென் ஸ்கோரல் தூணின் வடக்கு முகம்

இஷ்பெல் கில்லாண்டர்ஸைப் பொய்க்காரி என்று சொன்ன ஆளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அதைக் கேட்டுக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்திருந்த என்னையும்தான்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் உருளைக்கிழங்கு மசித்தவள் இஷ்பெல். குட்டை உருவம், கணீரென்ற குரல். ஞாயிற்றுக்கிழமை ஊரே தேவாலயத்துக்குப் போகும், இவள் மலைக்குப் போவாள். நில அளவைக்காரர்கள் அந்தக் காலத்தில் சிகரங்களில் கட்டிவைத்த சிமென்ட் தூண்கள் இருக்கின்றனவே, அவைதான் அவளுக்குக் குறி. வடமேற்கு ஹைலண்ட்ஸ் மலைநாட்டில் நூற்றிருபது தூண்களை எங்கள் மலைநடைச் சங்கம் தகட்டு எண்களோடு பட்டியல் போட்டிருக்கிறது. தூணைக் கையால் தொட வேண்டும். அதில் பதித்த பித்தளைத் தகட்டின் எண்ணைக் கண்ணால் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். அவ்வளவுதான் விதி. எல்லாம் முடித்தவர் பெயர் சங்கம் கூடும் மன்றத்துப் பலகையில் ஏறும். அதில் இருந்தது ஒரே பெயர்: லாக்லன் பெத்யூன், சங்கச் செயலாளர், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர்.

போன ஏப்ரலில் இஷ்பெலும் முடித்தாள், அறுபத்தாறு வயதில். லாக்லன் அவள் நோட்டை வாங்கிப் பட்டியலோடு ஒத்துப் பார்த்தார். பென் ஸ்கோரல் மலையின் வரி வந்ததும் விரல் நின்றது.

"4417னு எழுதியிருக்கே. பட்டியல்ல 4471. நீ இங்க போகவே இல்லம்மா."

"போனேன். தொண்ணூத்தி நாலு மார்ச்ல. முழங்கால் அளவு பனியில, தனியா."

"தனியாவா? ரொம்ப சௌகரியமாப் போச்சு."

மன்றத்தில் இருபது பேர் இருந்தோம். ஆளாளுக்குத் தரையைப் பார்த்தோம். இஷ்பெலின் முகம் ரத்தமாய்ச் சிவந்துவிட்டது.

"சனிக்கிழமை எல்லாரும் மலைக்கு வாங்க. நான் எழுதினது தப்பா இருந்தா, நோட்டை அங்கேயே கிழிச்சுப் போடறேன்" என்றாள். அவள் வாழ்க்கையில் பாதி அந்த நோட்டில் இருந்தது.

பென் ஸ்கோரல் லேசுப்பட்ட மலையா? முதல் இரண்டு மணி நேரம் சதுப்பு, பூட்ஸோடு காலை இழுக்கும். அப்புறம் செங்குத்தான சரளை. அவளுடைய வலது முழங்கால் ஏற்கெனவே தகராறு. பாதி வழியில் பாறைமேல் உட்கார்ந்து ஓட்ஸ் மாவில் சுட்ட ஓட்கேக்கும் சீஸும் தின்றாள்.

"முடியலைன்னா திரும்பிடலாமே" என்றார் லாக்லன்.

"உனக்கு மூச்சு வாங்குதுன்னா அதைச் சொல்லுய்யா. என்னைச் சாக்கு வைக்காதே."

உச்சிக்குப் போனால் தூண் இருக்கிறது, தகட்டைக் காணோம்! காற்றுக்கு மறைப்பாக யாரோ எப்போதோ வடக்குப் பக்கத்தில் மார்பளவுக்குக் கல் அடுக்கியிருந்தார்கள். தகடு அதற்குப் பின்னால்.

"நான் வந்தப்போ இந்தக் கல்லெல்லாம் இல்ல" என்றாள் இஷ்பெல். சொல்லிக்கொண்டே கல்லைப் பிடுங்க ஆரம்பித்துவிட்டாள். நாங்களும் கை கொடுத்தோம். அரை மணி நேரத்தில் பித்தளை தெரிந்தது.

"உன் கண்ணாடிதான் புதுசு. நீயே படி, லாக்லன்."

அவர் மண்டியிட்டுக் கைக்குட்டையால் மண்ணைத் துடைத்தார். "நாலு... நாலு... ஒண்ணு..." இன்னொரு தரம் அழுத்தித் துடைத்தார். "ஏழு."

அடேயப்பா, அவள் போட்ட கூச்சல்! பட்டியலைத் தட்டச்சு செய்தவர்தான் இரண்டு இலக்கத்தை இடம் மாற்றி அடித்திருக்கிறார்.

பிறகு லாக்லன் பக்கம் திரும்பினாள். "சரி, நீ தகட்டைப் படிச்சிருந்தா 4417னுதானே எழுதியிருப்பே? உன் நோட்டுல என்ன இருக்கு?"

லாக்லனின் கை பையைத் திறக்கவே இல்லை. காது மட்டும் சிவந்தது. என் நோட்டில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும்.

"என்னோடதுலயும் 4471தான், இஷ்பெல். மழை கொட்டிச்சு. தகட்டைத் தேடாம பட்டியலைப் பார்த்து எழுதிட்டேன்."

சொன்னதும் மனசு லேசானது. முன்பே அந்த மலை ஏறியிருந்த மற்ற நாலு பேரும் தாங்களும் அப்படித்தான் என்று ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். கடைசியில் லாக்லனும்.

இஷ்பெல் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு தூணின் தலையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். "பென்சிலை எடுங்க. அடிச்சுட்டுப் புதுசா எழுதுங்க. இன்னிக்குத் தேதி போட்டு. தள்ளாதீங்க, வரிசையா வாங்க."

மதியச் சாப்பாட்டுக்குத் தட்டு நீட்டும் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நின்றோம். லாக்லன் கடைசி ஆள்.

மன்றத்துப் பலகையில் இப்போது இரண்டு பெயர். மேலே இஷ்பெல். கீழே லாக்லன், அந்தச் சனிக்கிழமைத் தேதியோடு.