தம்பியின் வாய்க்குக் காவல்

என் தம்பி பட்டினி கிடந்து சாகவில்லை. எங்கள் வீட்டில் இருந்ததிலேயே உசத்தியான சாப்பாட்டை அவன்தான் சாப்பிட்டான். அதைச் சாப்பிட்டுத்தான் செத்தான். அவன் வாயில் வேறு எதுவும் போய்விடாமல் காவல் இருந்தவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. அவனுக்கு இரண்டரை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. எங்கள் ஊர் இண்டூர்ப் பக்கம். மானாவாரிக் காடு. கேழ்வரகு, சாமை, கொள்ளு, அவரை, இவ்வளவுதான் விளையும். நெல் எங்கள் மண்ணில் கிடையாது. நாங்கள் தினம் தின்றது களியும் கொள்ளுக் குழம்பும். அரிசிச் சோறு பொங்கலுக்கு ஒருநாள், தீபாவளிக்கு ஒருநாள். அதனால் அரிசி என்றால் எனக்குப் பைத்தியம். அந்த வெள்ளை நிறத்தைப் பார்த்தாலே வாய் ஊறும்.

தம்பி ஒன்றரை வயது வரை தாய்ப்பால் குடித்தான். அம்மா மறுபடியும் உண்டானதும் மார்பில் வேப்பிலையை அரைத்துப் பூசி மறக்கடித்தார்கள். களியை அவன் விழுங்க மாட்டான், துப்புவான். ஆண்பிள்ளை இளைக்கக் கூடாதென்று அவனுக்கு மட்டும் நொய்யரிசிக் கஞ்சி. அரிசிக்கு எங்கே போவது? அப்பா எங்கள் கொள்ளையும் அவரையையும் மூட்டை கட்டிச் சந்தைக்குச் சுமந்துபோய், மூன்று படி கொடுத்து ஒரு படி நொய் மாற்றிக்கொண்டு வருவார். அவன் மேல் அவ்வளவு ஆசை. பிள்ளையைக் காப்பாற்றக் கூடியதைத் தோளில் சுமந்துபோய்க் கொடுத்துவிட்டு, வெறும் மாவுச்சத்தை வாங்கிக்கொண்டு வந்தார் மனுஷன். போக நான்கு மைல், வர நான்கு மைல்.

தங்கச்சிப் பாப்பா பிறந்து சில மாதத்தில் தம்பியின் கன்னம் உப்பியது. கையும் காலும் உருண்டையாயின. பக்கத்து வீட்டுக்காரி வந்து பார்த்துவிட்டு, "அரிசி திங்கற ஒடம்பு, எப்படி மினுமினுன்னு இருக்குது பாரு" என்றாள். அம்மாவுக்குப் பெருமை. கன்னத்தில் மையால் திருஷ்டிப் பொட்டு வைத்தாள். நானும் பொறாமைப்பட்டேன். நான் குச்சி மாதிரி இருந்தேன்.

அது சதை இல்லை, நீர். பாதத்தில் விரலால் அழுத்தினால் குழி விழும். விழுந்த குழி உடனே மேலே வராது. நான் அவன் காலில் வரிசையாகக் குழி போட்டு, புளியங்கொட்டை வைத்துப் பல்லாங்குழி ஆடியிருக்கிறேன். அவன் காலை இழுத்துக்கொள்ளவில்லை. அழவும் இல்லை. எதற்கும் அழாத பிள்ளையாகிவிட்டான். சிரிப்பும் நின்றுபோயிற்று. சுவரைப் பார்த்துக்கொண்டு முனகுவான். கறுகறுவென்றிருந்த முடி செம்பட்டையாகி, சீவினால் கையோடு வந்தது. தொடையில் தோல் கறுத்து, அடுப்பில் பூசிய மண் காய்ந்து பெயர்வது போலப் பெயர்ந்தது.

அப்போதுதான் அத்தை பொறுப்பெடுத்துக்கொண்டாள். அப்பாவின் அக்கா. புருஷன் போனபின் எங்களோடு இருந்தவள். ஊரில் எந்தப் பிள்ளைக்கு நோவென்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். உடம்பில் நீர் கோத்துவிட்டது, பத்தியம் இருந்தால்தான் வற்றும் என்றாள். பருப்பு வாயு. முட்டை மாந்தம். ஆட்டுப்பால் குளிர்ச்சி. கொள்ளு சூடு. கீரை கழிச்சல். எல்லாவற்றையும் தள்ளிவிட்டால் மிஞ்சியது நொய்க்கஞ்சியின் தெளிவு மட்டும். அத்தை கெட்டவள் இல்லை. அவன் தேற வேண்டும் என்று வாரம் இரண்டு நாள் விரதம் இருந்தாள். அவனைத் தோளில் போட்டுக்கொண்டு கோயில் கோயிலாக நடந்தாள். கெட்டவளாக இருந்திருந்தால் நான் அவளைத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

அவள் பகலில் காட்டுக்குப் போக வேண்டும். அம்மாவிடம் கைப்பிள்ளை. அதனால் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னாள்.

"கண்ணு, நீதான் பாத்துக்கணும். அவன் வாயில கஞ்சியத் தவிர ஒண்ணும் போவக் கூடாது. உங்கம்மா குடுத்தாலும் எங்கிட்டச் சொல்லணும். அவன் மீதி வெக்கற கஞ்சிய நீ குடிச்சிக்கோ."

கடைசி வாக்கியத்துக்காகத்தான் நான் காவலுக்கு ஒத்துக்கொண்டேன். தம்பிக்குப் பசி செத்துப்போயிருந்தது. இரண்டு வாய் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான். மீதி முழுக்க எனக்கு. தினம் அரிசிக் கஞ்சி. காலையில் கொள்ளுக் குழம்போடு களி, மதியம் தம்பியின் கஞ்சி. அந்த இரண்டு மாதம் போல நான் சாப்பிட்டதே இல்லை.

ஐப்பசியில் நல்ல மழை பெய்தது. மறுநாள் புற்றுகளிலிருந்து ஈசல் கிளம்பியது. எங்கள் பக்கம் ஈசல் கிளம்பினால் ஊரே குடமும் துணியுமாக ஓடும். பிடித்து, வாணலியில் போட்டு வறுத்து, முறத்தில் புடைத்து இறக்கையைப் பறக்கவிட்டு, வறுத்த கொள்ளும் கலந்து வைத்தால் பத்து நாளைக்கு வரும். அந்த வருஷம் அம்மா ஒரு கலயம் நிறைய வறுத்து வைத்தாள். வறுக்கும்போது வாசனை வீடு முழுக்கப் பரவியது. சுவரைப் பார்த்துக் கிடந்த தம்பி தானாகத் திரும்பினான். முறத்தைப் பார்த்துக் கையை நீட்டினான். நான் அந்தக் கையை ஓங்கித் தட்டினேன். அத்தை மெச்சிக்கொண்டு எனக்கு ஒரு பிடி ஈசல் கொடுத்தாள். அவன் பார்க்கப் பார்க்கத் தின்றேன். அம்மா வாணலியைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பின் ஒரு வாரத்தில் எனக்கு வரும் கஞ்சி குறைந்தது. தம்பி நான்கு வாய் குடித்தான், பிறகு ஆறு வாய். ஒருநாள் கிண்ணத்தை வழித்துக் குடித்துவிட்டான். எனக்கு மிஞ்சியது கிண்ணத்தின் அடியில் ஒட்டிய ஈரம். எனக்கு ஆத்திரமாக வந்தது. பத்தியம் பலிக்கிறது என்று அத்தைக்குச் சந்தோஷம். என் கஞ்சி போகிறதே என்று எனக்கு எரிச்சல். இதை இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை.

ஒருநாள் காலை தண்ணீருக்குப் போனேன். கிணற்றில் கூட்டம். வெறும் குடத்தோடு திரும்பினேன். மாட்டுக் கொட்டகைப் பக்கம் தம்பி உட்கார்ந்திருந்தான், கன்றுக்குட்டியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு. என்னைப் பார்த்துச் சிரித்தான். வாயைத் திறந்து, பல் தெரிய. அவன் மோவாயில் ஓர் ஈசல் இறக்கை ஒட்டியிருந்தது. பக்கத்தில் அம்மா முந்தானையை அவசரமாக மடித்துக்கொண்டாள். ஈசலையும் கொள்ளையும் வெல்லத்தோடு இடித்து உருட்டி, அத்தை காட்டுக்கும் நான் கிணற்றுக்கும் போகிற நேரம் பார்த்துத் தினம் ஊட்டியிருக்கிறாள். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, மருந்து தெரியாது. கையை நீட்டிய பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும் என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

"அத்தைகிட்டச் சொல்லிடாத கண்ணு" என்றாள். "ஒம்பங்குக் கஞ்சிய நான் எடுத்து வெக்கறேன்."

நான் குடத்தை அங்கேயே வைத்துவிட்டுக் காட்டுக்கு ஓடினேன்.

அன்று வீட்டில் நடந்த சண்டையை விவரிக்க இஷ்டமில்லை. அத்தை கத்தவில்லை. தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். அப்பாதான் அம்மாவை வாசலில் நிற்கவைத்து, நாலு பேர் கேட்கக் கேட்டார்.

"புள்ளயக் கொல்லப் பாக்கறயா?"

அம்மா, "இல்லீங்க, அவன் கேட்டான்" என்றாள். கலயத்தில் மிச்சமிருந்ததை அத்தை கோழிகளுக்குக் கொட்டினாள். மறுநாளிலிருந்து தம்பி அத்தையின் இடுப்பைவிட்டு இறங்கவில்லை. காட்டுக்கும் அவனைத் தூக்கிக்கொண்டே போனாள். மறுபடியும் கஞ்சித் தெளிவு மட்டும். நாலைந்து நாளில் அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தான். எனக்கு முழுக் கிண்ணம் கிடைத்தது.

கார்த்திகையில் தெருவில் மணல்வாரி அம்மை வந்தது. எனக்கு வந்தது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு வந்தது, எதிர்வீட்டில் வந்தது. எல்லோருக்கும் அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். தம்பிக்கு மட்டும் ஊற்றவில்லை. அவன் நான்காம் நாளே போய்விட்டான். பத்தியத்தை முறித்துத் திருட்டுத்தனமாகக் கொடுத்த ஈசல்தான் உள்ளே போய் விஷமாகிவிட்டது என்று ஊர் பேசியது. அம்மா அதை நம்பினாள்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, நான் பிரசவம் பார்க்கும் பயிற்சிக்காகச் சேலம் போனேன். பாடம் எடுத்த நர்ஸம்மா ஒருநாள் புரதம் பற்றிச் சொன்னாள். அந்தச் சொல்லையே அன்றைக்குத்தான் கேட்டேன். பிற்பாடு புத்தகத்திலும் தேடிப் படித்தேன். புரதம் என்பது சங்கிலி. ஏறக்குறைய இருபது வகைக் கண்ணிகள். எந்தக் கண்ணிக்குப் பின் எந்தக் கண்ணி என்ற வரிசைப்படி அந்தச் சங்கிலி தனக்கென்று ஒரு விதமாக மடங்கிக்கொள்கிறது. மடிப்புக்கேற்ற வேலை. ஒன்று முடியாகிறது. ஒன்று தோலைக் கட்டுகிறது. ஒன்று தசைக்குள் இருந்து இழுக்கிறது. ஒன்று வயிற்றில் சோற்றைக் கரைக்கிறது. ஒன்று ரத்தத்தில் காற்றைச் சுமக்கிறது. ஒன்று அம்மை வந்தால் அதை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்கிறது. நாம் தின்னும் பயறையும் முட்டையையும் உடம்பு கண்ணி கண்ணியாக அறுத்து, தனக்கு வேண்டிய வரிசையில் திரும்பக் கோத்துக்கொள்கிறது. சில கண்ணிகளை அது தானே செய்துகொள்ளும். சிலதைச் செய்யத் தெரியாது, வாய் வழியாகத்தான் வர வேண்டும். தானியத்தில் குறைகிற கண்ணி பயறில் இருக்கிறது. களியும் கொள்ளும் சேர்த்துத் தின்ற நான் குச்சியாக இருந்தாலும் கல்லாக இருந்தேன். தம்பிக்குக் கிடைத்தது கஞ்சித் தண்ணீர். கோக்கக் கண்ணி இல்லை.

கல்லீரல் செய்து ரத்தத்தில் விடுகிற ஒரு புரதம் இருக்கிறது. ரத்தத்திலுள்ள நீரைக் குழாய்க்குள்ளேயே பிடித்து நிறுத்துவது அதுதான். அது குறைந்தால் நீர் கசிந்து சதைக்குள் இறங்கும். கால் வீங்கும், கன்னம் உப்பும், ஊர் மெச்சும். அன்று நான் கேட்டது பாடமே இல்லை, என் தம்பியின் உடம்பு. முடி ஏன் செம்பட்டையானது, தோல் ஏன் பெயர்ந்தது, எல்லோரும் தப்பிய அம்மையில் அவன் மட்டும் ஏன் போனான் என்று ஒவ்வொன்றாக அந்த அம்மாள் எனக்குச் சொல்லிக்கொண்டே போனாள். யாருக்குச் சொல்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. கடைசியில், இப்படிப்பட்ட பிள்ளை தேறுகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதையும் சொன்னாள்.

"வீக்கம் வடிய நாளாகும். அதுக்கு முன்னாடியே புள்ள சிரிக்கும். சிரிச்சா பொழச்சிக்கும்னு எழுதிக்கோங்க."

எல்லோரும் எழுதினார்கள். என்னால் எழுத முடியவில்லை.

விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அத்தையும் அப்பாவும் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள். மழை பெய்திருந்தது. ஈசல் கிளம்பியதும் அம்மா எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள். தம்பி போனதிலிருந்து அவள் ஈசலைத் தொட்டதில்லை. "அதக் குடுக்காம இருந்திருந்தா இன்னிக்கு ஒனக்குத் தொணையா ஒருத்தன் இருப்பான்" என்றாள். சொல்ல நல்ல நேரம் அதுதான். நீ கொடுத்ததுதான் அம்மா சரி, நீ ஒருத்திதான் அந்த வீட்டில் சரியாகச் செய்தாய் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி ஒன்று வரும். அப்படியானால் அவனை யார் கொன்றது? அதற்கு என்னிடம் பதில் இருந்தது. "பழசையெல்லாம் ஏம்மா பேசறீங்க" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன். அதன்பின் இருபது வருஷம் அம்மா உயிரோடு இருந்தாள். நானும் எத்தனையோ ஊர்களில் எத்தனையோ தாய்மார்களிடம், பிள்ளைக்குப் பருப்பைக் கொடு, முட்டையைக் கொடு, பத்தியம் கித்தியம் என்று கொன்றுவிடாதே என்று கத்தியிருக்கிறேன். என் கையால் பல பிள்ளைகள் தேறின. பெற்றவளிடம் மட்டும் வாயைத் திறக்கவில்லை. பிள்ளையைக் கொன்றவள் என்ற நினைப்போடுதான் அவள் போனாள்.

அந்தக் காலைப்பொழுது மட்டும் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. மாதக்கணக்கில் சிரிக்காத பிள்ளை கன்றுக்குட்டியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, யாரும் தூண்டாமல், என்னைப் பார்த்துச் சிரித்தான். வெறும் குடத்தோடு நின்று நான் அதைப் பார்த்தேன். திருடித் தின்றுவிட்டு என் கஞ்சியையும் பிடுங்கிக்கொண்ட திமிரில் சிரிக்கிறான் என்றுதான் எனக்குப் பட்டது.